நிழல் மரத்தில் சாறு திருடும் பூச்சி!

மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூருக்கு மலை ஏறுகிறவர்கள், பர்லியாரில் சற்று இறங்கி நிற்பது வழக்கம்.

கல்லாறு தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி வண்டி ஏறும்போது குழந்தைகளுக்குத் தலை சுற்றும். பர்லியாரில் வண்டி நின்றால் போன உயிர் திரும்பி வரும். குளிர்ந்த காற்று வீசும். டீக்கடை இருக்கும். பழக்கடை இருக்கும். பருவத்தில் மங்குஸ்தான், துரியன், ரம்புத்தான், பலா எல்லாம் கிடைக்கும். குரங்குகளும் வந்து பங்கு கேட்கும்!

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய பொருள் ஒன்று அங்கே உண்டு. அதை யாரும் காசு கொடுத்து வாங்குவது இல்லை. வாங்கவும் முடியாது.

அதுதான் நிழல்!

பர்லியாரில் அரசாங்கத் தோட்டக்கலைப் பண்ணை இருக்கிறது. 1871-ம் ஆண்டு முதல் அது அரசாங்கத்தின் கையில் உள்ளது. கிராம்பு, ஜாதிக்காய், மிளகு, மங்குஸ்தான் என்று சூடும் ஈரமும் வேண்டுகிற பயிர்கள் அங்கே வளர்கின்றன. சுற்றிலும் உள்ள சரிவுகளில் காப்பியும் மிளகும் உண்டு. இந்தப் பயிர்களுக்கு உச்சி வெயில் ஆகாது. தலைக்கு மேல் ஒரு குடை வேண்டும். அந்தக் குடையைப் பிடிப்பவை நிழல் மரங்கள்.

இந்த நிழல் மரங்களுக்கு ஒரு திருடன் உண்டு. அவன் இரவில் வருவது இல்லை. பகலிலேயே கிளையில் உட்கார்ந்து இருப்பான். ஆனால் கண்ணுக்குத் தெரிய மாட்டான்.

அவனை அடையாளம் காண்பது எப்படி? அவனை விரட்டுவது எப்படி? அவனை விரட்டப் போய் மரத்தையே கொல்லாமல் இருப்பது எப்படி?

இதைக் குடும்பத்தில் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இலை உதிர்ப்பதும் ஒரு தர்மம்

நிழல் மரங்களில் இரண்டு வகை உண்டு. ஆண்டு முழுவதும் பச்சையாக இருப்பவை ஒரு வகை. ஆண்டுக்கு ஒரு முறை இலையை எல்லாம் உதிர்த்துவிட்டு, மொட்டையாக நின்று, பிறகு தழைப்பவை இன்னொரு வகை.

முள்முருங்கை இரண்டாவது வகை. கல்யாண முருங்கை என்பதும் அதுதான். சளிப் பிடித்த குழந்தைக்கு அதன் இலையை அரைத்து அடை சுட்டுக் கொடுக்காத பாட்டி உண்டா? இலை உதிர்ந்த கிளையில் அது சிவப்புச் சிவப்பாகப் பூக்கும். மிளகுக் கொடி ஏறுவதற்கும் அதைத்தான் நட்டார்கள்.

சமவெளிச் சாலைகளில் நிற்கும் தூங்குமூஞ்சி மரம், வாகை, ஊர் எல்லையில் நிற்கும் இலவம் ஆகியவையும் இலை உதிர்ப்பவைதான்.

உதிர்ந்த இலை வீணாவது இல்லை. அது மண்ணில் மக்கி உரமாகிறது. மண்ணின் ஈரத்தைக் காக்கிறது. மலைச் சரிவில் மழை நீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் தடுக்கிறது. முள்முருங்கையும் தூங்குமூஞ்சியும் வாகையும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த மரங்கள். காற்றில் உள்ள தழைச்சத்தைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கும் வித்தையும் அவற்றுக்குத் தெரியும்.

இப்படிப்பட்ட மரம் ஒன்று நோய்ப்பட்டால், அது ஒரு மரத்தின் கஷ்டம் மட்டும் அல்ல. அதன் கீழே இருக்கும் காப்பிக்கும், அதன் மேல் ஏறியிருக்கும் மிளகுக்கும், அவற்றை நம்பி இருக்கும் குடும்பத்துக்கும் கஷ்டம்.

"மரத்தில் இருந்து தேன் சொட்டுது!"

"அம்மா, மரத்தில் இருந்து தேன் சொட்டுது!" என்று ஒரு நாள் பிள்ளை ஓடி வந்து சொல்லும்.

பார்த்தால், மரத்தடித் திண்ணை பிசுபிசு என்று இருக்கும். நிறுத்தி வைத்த சைக்கிளில் பசை போல ஒட்டும். கீழே இருக்கும் செடியின் இலை பளபளவென்று மின்னும்.

அது தேன் அல்ல. பூச்சியின் கழிவு!

மரத்தின் உடலில் சாறு ஓடுகிறது. நம் உடலில் ரத்தம் ஓடுவது போல. அந்தச் சாற்றில் சர்க்கரை அதிகம். உடம்பு வளர்வதற்கு வேண்டிய சத்து மிகக் குறைவு. ஊசி போன்ற வாயைத் தண்டில் குத்தி, பூச்சி அந்தச் சாற்றைக் குடிக்கிறது. கொஞ்சம் சத்துக்காக நிறையக் குடிக்க வேண்டி இருக்கிறது. முந்திரிப் பருப்புக்கு ஆசைப்பட்டு ஒரு பானை சர்க்கரைப் பொங்கலையும் தின்றால் என்ன ஆகும்? மிச்சச் சர்க்கரை வெளியே வந்துதானே ஆக வேண்டும்? அதுதான் சொட்டுச் சொட்டாகக் கீழே விழுகிறது.

இனிப்பு விழுந்தால் எறும்பு வரும். இது முதல் சாட்சி.

இனிப்பின் மேல் சில நாளில் கரி பூசியது போல ஒரு பூஞ்சணம் படரும். இது இரண்டாவது சாட்சி. இந்தக் கரும்பூஞ்சணம் மரத்தைத் தின்பது இல்லை. இலையின் மேல் திரை போட்டுச் சூரிய ஒளியை மறைக்கிறது. ஒளி இல்லாவிட்டால் இலை எப்படிச் சமைக்கும்?

இலை சுருளும். துளிர் கோணலாகும். நுனிக் கிளை காயும். இது மூன்றாவது சாட்சி.

எறும்பு, கரி, சுருள். மூன்றும் சேர்ந்து இருந்தால் மரத்தில் சாறு திருடும் பூச்சி இருக்கிறது என்று பெரும்பாலும் நிச்சயமாகச் சொல்லலாம்.

திருடர்கள் ஐந்து பேர்

சாறு குடிக்கும் பூச்சிகளில் வகைகள் பல. முக்கியமாக ஐந்து வகையைத் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

முதலாவது, அசுவினி. செடிப்பேன் என்றும் சொல்வார்கள். கடுகை விடச் சிறியது. பச்சை, கறுப்பு, மஞ்சள் நிறங்களில் இளந்துளிரில் கூட்டமாக மொய்க்கும். இதன் பெண் பூச்சி ஆணின் துணை இல்லாமலே குட்டி போடும். அதனால்தான் நேற்று பத்து இருந்த இடத்தில் அடுத்த வாரம் ஆயிரம் இருக்கிறது.

இரண்டாவது, மாவுப்பூச்சி. அரிசி மாவில் புரண்டு வந்தது போல இருக்கும். இலைக் காம்பிலும் கணுவிலும் வெள்ளைப் பஞ்சாக ஒட்டிக் கிடக்கும். அந்தப் பஞ்சுக்குள் நூற்றுக்கணக்கில் முட்டை இருக்கும். மெழுகுப் பூச்சு இருப்பதால் சாதாரணமாகத் தெளிக்கும் மருந்து இதன் மேல் ஒட்டாது.

மூன்றாவது, செதில் பூச்சி. இதைப் பூச்சி என்றே பலர் நம்ப மாட்டார்கள். தண்டில் ஒட்டிய சிறு கொப்புளம் போல, மீன் செதில் போல இருக்கும். குஞ்சாக இருக்கும்போது கொஞ்சம் நடக்கும். பிறகு ஓர் இடத்தில் வாயைக் குத்தினால், பெண் செதில்களில் பல சாகும் வரை இடம் மாறுவதே இல்லை!

நான்காவது, வெள்ளை ஈ. இலையின் அடிப்பக்கத்தில் இருக்கும். கிளையை ஆட்டினால் பொடி தூவியது போலப் பறக்கும். 2016-ம் ஆண்டில் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் புகுந்து, மட்டைகளைக் கரியாக்கியது இந்த இனத்தைச் சேர்ந்த ஒன்றுதான்.

ஐந்தாவது, தத்துப்பூச்சி. தொட்டால் பக்கவாட்டில் நகர்ந்து தத்திக் குதிக்கும். இது சாறு குடித்த இலையின் ஓரம் மஞ்சளாகிக் காயும்.

நகமே பரிசோதனைக் கருவி

செதில் இருக்கிறது என்று கண்டதும் மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். அது உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். ஈரம் கசிந்தால் உயிர் இருக்கிறது. காய்ந்த பொட்டுப் போல உதிர்ந்தால் அது செத்துப் பல நாள் ஆகிவிட்டது. செத்த செதில் மாதக்கணக்கில் கிளையிலேயே ஒட்டிக்கொண்டு இருக்கும். செத்த பாம்பை அடிப்பது போல, செத்த செதிலுக்கு மருந்து அடித்துக் காசைக் கரைப்பவர்கள் உண்டு.

செதிலின் முதுகில் ஊசி குத்தியது போல ஒரு வட்டத் துளை இருக்கிறதா? அப்படியானால் சந்தோஷப்படுங்கள். மிகச் சிறிய குளவி ஒன்று அதற்குள் முட்டை இட்டு, அந்தக் குஞ்சு செதிலை உள்ளிருந்தே தின்று, துளை போட்டு வெளியே போயிருக்கிறது. உங்கள் மரத்துக்குச் சம்பளம் இல்லாத காவல்காரன் கிடைத்துவிட்டான்.

மழைக் காலத்தில் செதிலைச் சுற்றி வெள்ளை வளையம் போலப் பூஞ்சணம் தெரிந்தால், அதையும் துடைக்க வேண்டாம். அந்தப் பூஞ்சணம் செதிலைக் கொல்லும். பர்லியார் போன்ற ஈரமான இடத்தில் அதற்கு நல்ல வேலை நடக்கும்.

இலை உதிர்க்கும் மரத்தில் இன்னொரு வசதி உண்டு. இலையில் ஒட்டியிருக்கும் பூச்சிகளில் பெரும் பகுதி இலையோடு கீழே வந்துவிடும். கிளையில் மட்டும் செதிலும் மாவுப்பூச்சி முட்டையும் மிஞ்சி நிற்கும். மரம் மொட்டையாக நிற்கும் அந்தச் சில வாரங்கள்தான் திருடனைப் பிடிக்க ஏற்ற காலம். ஒளிந்துகொள்ள அவனுக்கு இலை இல்லை!

ஆளை மாற்றிப் பிடிக்கக் கூடாது

மரத்தில் காணும் கோளாறு எல்லாம் சாறு குடிக்கும் பூச்சியால் வருவது அல்ல. முள்முருங்கையே இதற்கு உதாரணம்.

சில ஆண்டுகளாக முள்முருங்கையின் இலையும் காம்பும் கழலை கழலையாக வீங்கி, மரம் பட்டுப்போவதைப் பலர் பார்த்திருப்பார்கள். அந்தக் கழலைக்குக் காரணம் ஒரு சிறு குளவி. அந்தக் குளவிக்கு 2004-ம் ஆண்டில்தான் விஞ்ஞானிகள் பெயரே வைத்தார்கள். 2005-ம் ஆண்டு வாக்கில் அது கடல் கடந்து ஹவாய்த் தீவுகளில் புகுந்தது. அதை ஒட்டிய காலத்திலேயே கேரளத்திலும் தலை காட்டியது. வயநாட்டில் மிளகுக் கொடிக்குத் துணையாக நின்ற முள்முருங்கைகள் ஏராளமாக அழிந்தன. கொடிக்கால் போனதால் கொடியும் போயிற்று.

இந்தக் குளவியின் புழு இலையின் சதைக்கு உள்ளே வாழ்கிறது. மேலே சோப்புக் கரைசல் தெளித்தால் அதற்கு எட்டாது. தேனும் சொட்டாது, எறும்பும் வராது, கரியும் படியாது. வீக்கம் மட்டுமே இருக்கும். அப்படிப்பட்ட கிளையை வெட்டி எரிப்பதுதான் முதல் வேலை.

நோய் தெரியாமல் மருந்து கொடுப்பவன் வைத்தியன் அல்ல. மரத்துக்கும் இது பொருந்தும்.

நீலகிரி கண்ட போர்

சாறு குடிக்கும் பூச்சியோடு நீலகிரி ஏற்கெனவே ஒரு பெரிய போர் நடத்தியிருக்கிறது.

1928-ம் ஆண்டு. நீலகிரியில் வாட்டில் என்னும் சீகை மரங்களில் வெள்ளைப் பஞ்சுப் பூச்சி ஒன்று காணப்பட்டது. முதுகில் பஞ்சுத் தலையணை சுமப்பது போல அதன் தோற்றம். மரமும் ஆஸ்திரேலியாவில் இருந்து வந்தது. பூச்சியின் பிறப்பிடமும் ஆஸ்திரேலியாவே.

இந்தப் பூச்சி அதற்கு முன்பே அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் ஆரஞ்சுத் தோட்டங்களை நாசம் செய்திருந்தது. விவசாயிகள் மரத்தைப் பிடுங்கி எறியும் நிலைக்கு வந்துவிட்டார்கள். அப்போது ஒரு யோசனை பிறந்தது. "இந்தப் பூச்சி ஆஸ்திரேலியாவில் ஏன் இவ்வளவு பெருகவில்லை? அங்கே அதைத் தின்னும் எதிரி இருக்க வேண்டும்!"

1888-ம் ஆண்டில் ஆல்பர்ட் கோபலே என்பவர் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டார். சிவப்பும் கறுப்புமான ஒரு சின்னப் பொறிவண்டை அவர் கண்டுபிடித்தார். வெடாலியா என்பது அதன் பெயர். முதலில் கலிபோர்னியா வந்து சேர்ந்தவை 129 வண்டுகள்தான். அவை பெருகின. சுமார் இரண்டே ஆண்டுகளில் பஞ்சுப் பூச்சியின் கொட்டம் அடங்கியது.

நீலகிரியில் பஞ்சுப் பூச்சி தெரிந்ததும் இங்கேயும் அந்த வண்டு வரவழைக்கப்பட்டது. 1930-ம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவில் இருந்தும் எகிப்தில் இருந்தும் அது வந்தது. மலையில் விடப்பட்டது. நாளடைவில் பஞ்சுப் பூச்சி அடங்கியது.

சீகை மரம் இலை உதிர்க்கும் மரம் அல்ல. இன்று அது நீலகிரியின் புல்வெளியை ஆக்கிரமிக்கிறது என்று அகற்றியும் வருகிறார்கள். அது வேறு கதை. ஆனால் பூச்சியைப் பூச்சியால் வெல்லலாம் என்று மலை கற்ற பாடம் எல்லா மரத்துக்கும் பொருந்தும்.

நண்பனைக் கொல்லாதீர்கள்!

இதற்கும் முன்னால் நடந்தது ஒன்று. 1898-ம் ஆண்டில் நியூபோர்ட் என்பவர், காப்பியில் வரும் பச்சைச் செதிலை ஒழிப்பதற்காக ஆஸ்திரேலியப் பொறிவண்டு ஒன்றைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்தார். கிரிப்டோலேமஸ் என்பது அதன் பெயர். பச்சைச் செதில் விஷயத்தில் அது சரியாக வேலை செய்யவில்லை. ஆனால் மாவுப்பூச்சியைக் கண்டதும் பிடித்துக்கொண்டது! இன்றைக்கும் காப்பித் தோட்டங்களிலும் திராட்சைத் தோட்டங்களிலும் மாவுப்பூச்சியை ஒழிக்க இதை வளர்த்து விடுகிறார்கள்.

ஒரு சங்கடம் உண்டு. இந்த வண்டின் புழுவும் வெள்ளையாக, மெழுகு இழைகளோடு, மாவுப்பூச்சி போலவே இருக்கும்! தெரியாதவர்கள் "பெரிய மாவுப்பூச்சி" என்று நினைத்து நசுக்கிவிடுவார்கள்.

வித்தியாசம் எளிது. மாவுப்பூச்சி சோம்பேறி, அசையாமல் கிடக்கும். வண்டின் புழு அதை விடப் பெரியது, சுறுசுறுப்பாக ஓடும். சும்மா கிடப்பவன் திருடன், ஓடுகிறவன் போலீஸ்!

அண்மைக் காலத்தில் நடந்தது

"இது எல்லாம் வெள்ளைக்காரர் காலத்துக் கதை. இப்போது நடக்குமா?" என்று கேட்கலாம்.

நடந்தது. அதுவும் பர்லியார் மலையின் அடிவாரத்திலேயே!

2008-ம் ஆண்டில் கோவையில் பப்பாளியில் ஒரு புதிய மாவுப்பூச்சி தெரிந்தது. மெக்சிகோ பக்கத்துப் பூச்சி அது. மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று கண்டதை எல்லாம் பிடித்தது. பட்டுப்புழு வளர்த்த குடும்பங்கள் இலை இல்லாமல் தவித்தன. மருந்துக்கு மேல் மருந்து அடித்தார்கள். பூச்சி குறையவில்லை. செலவு கூடியது.

2010-ம் ஆண்டில் போர்ட்டோ ரிக்கோ தீவில் இருந்து மிகச் சிறிய குளவிகள் தருவிக்கப்பட்டன. ஒரு குளவியின் நீளம் ஒரு கடுகு அளவுகூட இல்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கி ஊர் ஊராகக் கொடுத்தது. விஷம் சாதிக்காததைக் குளவி சாதித்தது. மாவுப்பூச்சி மளமளவென்று குறைந்தது.

1988-ம் ஆண்டில் சவுண்டல் மரத்தின் துளிரில் சாறு குடிக்கும் வெளிநாட்டுப் பேன் ஒன்று நம் நாட்டில் புகுந்தபோதும், தாய்லாந்தில் இருந்து ஒரு பொறிவண்டைக் கொண்டுவந்துதான் சமாளித்தார்கள்.

விஷப் புட்டியைத் திறக்கும் முன்

மருந்து அடித்தால் முதலில் சாவது யார்? மெழுகுக்குள் ஒளிந்திருக்கும் திருடன் அல்ல. வெளியே சுற்றும் காவல்காரன்!

கலிபோர்னியாவிலேயே இது நிரூபணம் ஆனது. வெடாலியா வண்டால் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அடங்கிக் கிடந்த பஞ்சுப் பூச்சி, 1940-களின் பிற்பகுதியில் மீண்டும் தலை தூக்கியது. காரணம் என்ன? தோட்டங்களில் டி.டி.டி. மருந்து அடித்தார்கள். வண்டு செத்தது. பஞ்சுப் பூச்சி பிழைத்தது. மருந்தைக் கட்டுப்படுத்தி, வண்டை மீண்டும் விட்ட பிறகுதான் நிலைமை சீர்ப்பட்டது.

பர்லியாரில் இன்னும் ஒரு விஷயத்தையும் நினைக்க வேண்டும். அங்கே மரத்தில் அடிக்கிற மருந்து மரத்தோடு நிற்காது. அடுத்த மழையில் சரிவில் இறங்கும். ஓடையில் சேரும். மலை ஓடைகள் பவானி ஆற்றுக்குப் போகின்றன. பவானித் தண்ணீரைக் குடிக்கும் ஊர்கள் எத்தனை!

மரத்தில் துளை போட்டு மருந்து ஊற்றும் முறையும் உண்டு. அந்த மருந்து சாற்றோடு மரம் முழுவதும் போகும். பூவுக்கும் போகும். பூவில் இருந்து தேனீக்கும் போகும். இந்த மலைச் சரிவுகளில் தேன் எடுத்துப் பிழைக்கும் இருளர், குறும்பர் குடும்பங்கள் உண்டு. இலை பறித்து அடை சுடும் வீடுகளும் உண்டு. இதை எல்லாம் யோசிக்காமல் புட்டியைத் திறக்கலாமா?

என்ன செய்ய வேண்டும்?

ஒன்று: எறும்பைத் தடுங்கள். எறும்புக்கு வேண்டியது இனிப்பு. அதற்காகப் பூச்சிக்கு அது காவல் இருக்கிறது. பொறிவண்டு வந்தால் கடித்து விரட்டுகிறது. மரத்தின் அடியில் ஒரு சாண் அகலத்துக்குத் துணியோ பிளாஸ்டிக் தாளோ சுற்றிக் கட்டி, அதன் மேல் கிரீஸ் தடவுங்கள். பட்டையின் மேல் நேராகத் தடவ வேண்டாம். பக்கத்து மரத்தையும் சுவரையும் தொடும் கிளைகளைக் கழியுங்கள். இல்லாவிட்டால் எறும்பு அந்தப் பாலத்தில் வரும். சில வாரம் கழித்துக் கட்டை அவிழ்த்துவிடுங்கள். மரம் பருக்கும்போது அது இறுக்கும்.

இரண்டு: தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். சின்ன மரமானால் குழாய்த் தண்ணீரே பெரிய மருந்து. இலையின் அடிப்பக்கத்தில் வேகமாக அடித்தால் அசுவினியும் மாவுப்பூச்சியும் கழன்று விழும். சாலையோர மரங்களின் இலையில் படிந்த புழுதியும் போகும். புழுதி படிந்த இலையில் பொறிவண்டும் குளவியும் சரியாக வேலை செய்வது இல்லை.

மூன்று: பூச்சி அடைந்த நுனிக் கிளையை மட்டும் வெட்டுங்கள். வெட்டியதைச் சாக்கில் போட்டுக் கொண்டுபோய் எரியுங்கள். இழுத்துக்கொண்டு போனால் வழி எல்லாம் குஞ்சு விழும்.

நான்கு: மரம் தழைக்கும் நேரத்தில் யூரியாவைக் கொட்டாதீர்கள். தழைச்சத்து மிகுந்தால் துளிர் கொழுக்கும். கொழுத்த துளிர், பூச்சிக்குக் கல்யாண விருந்து.

ஐந்து: இத்தனைக்கும் அடங்காவிட்டால் வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பு. இடித்துத் துணியில் கட்டி இரவு முழுவதும் ஊற வைத்துப் பிழியுங்கள். ஒட்டுவதற்குக் கொஞ்சம் சோப்பு சேருங்கள். மாலையில் தெளியுங்கள். மீன் எண்ணெய் சோப்பும் பயன்படும். லிட்டருக்கு 25 கிராம். முதலில் ஒரு கிளையில் தெளித்து, இலை கருகவில்லை என்று பார்த்துக்கொண்டு மற்றதைச் செய்யுங்கள். பூத்திருக்கும் கிளையில் தெளிக்க வேண்டாம்.

ஆறு: மரம் உயரமாக இருந்தால் ஏறாதீர்கள். தோட்டக்கலைத் துறை அதிகாரியிடமோ, குன்னூரில் உள்ள உபாசி வேளாண் அறிவியல் நிலையத்திலோ பூச்சியோடு கூடிய ஒரு சிறு கிளையை மூடிய பையில் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

சாறு குடிப்பவை எல்லாம் பகை அல்ல

பாண்டவர்களை எரிக்கத் துரியோதனன் கட்டிய அரக்கு மாளிகை எல்லோருக்கும் தெரியும். அரக்கு எங்கிருந்து வருகிறது? மரத்தில் சாறு குடிக்கும் ஒரு செதில் பூச்சியின் உடலில் இருந்துதான்! வட இந்தியாவில் அதை மரங்களில் வளர்த்துப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு.

தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் வயலும் வரப்பும் சப்பாத்திக் கள்ளியால் மூடிக் கிடந்தன. 1926-ம் ஆண்டில் இலங்கையில் இருந்து ஒரு சாறு குடிக்கும் பூச்சி கொண்டுவந்து விடப்பட்டது. கள்ளி காய்ந்தது. நிலம் மீண்டது.

ஆகவே பூச்சி என்பதற்காகவே ஒன்றைக் கொல்ல வேண்டியது இல்லை. எந்த மரத்தில், எவ்வளவு, யாருக்கு நஷ்டம் என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கோடரி கடைசி

நன்றாக வளர்ந்த மரம் கொஞ்சம் அசுவினியாலோ செதிலாலோ சாவது இல்லை. அடுத்த தழைப்பில் தேறிவிடும். கவலைப்பட வேண்டியது இளங்கன்றுகளுக்கும், வேர் அடிபட்ட மரங்களுக்கும்தான். சாலைக்காக வேரை வெட்டினால், அடியில் சிமெண்டு பூசினால், மரம் தளர்கிறது. தளர்ந்த மரத்தைத்தான் பூச்சி வீழ்த்துகிறது.

பழி மட்டும் பூச்சியின் மேல் விழுகிறது!

மரம் சொட்டுகிறது, வண்டியில் கறை படுகிறது என்பதற்காகக் கோடரி எடுப்பவர்களும் இருக்கிறார்கள். மலைப் பகுதியில் அது சட்டப்படியும் முடியாது. தமிழ்நாடு மலைப் பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955-ம் ஆண்டிலேயே வந்தது. சொந்த நிலத்து மரமானாலும் அனுமதி பெற்றே வெட்ட வேண்டும்.

அந்தச் சட்டம் நல்ல சட்டம். ஆனால் வெட்டாமல் இருப்பது மட்டும் போதாது. காப்பாற்றவும் வேண்டும். சாலையோர மரங்களுக்கு நெடுஞ்சாலைத் துறையும் ஊராட்சியும் பொறுப்பு ஏற்க வேண்டும். இலை உதிரும் காலத்தில் ஆண்டுக்கு ஒரு முறை மரங்களைப் பார்வையிட வேண்டும். வேரைச் சுற்றி ஓர் ஆள் அகலத்துக்காவது மண்ணைத் திறந்து விட வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பொறிவண்டையும் மாவுப்பூச்சியையும் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும். அந்தப் பிள்ளை வீட்டில் போய்ச் சொல்லும். அப்பா மருந்துப் புட்டியை மூடி வைப்பார்.

ஒரு நிழல் மரம் வளர இருபது ஆண்டு ஆகிறது. விழ இருபது நிமிஷம் போதும். நடுவில் இருப்பது ஒரே ஒரு கேள்வி: "இது என்ன பூச்சி?"

அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு கையை ஓங்குங்கள். பாதி மரம் பிழைத்துவிடும்.